அண்ணை வடித்த கோப்பி

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில், வீட்டுக்கு வந்தவருக்கு முன்னால் வெறும் கிளாசை வைப்பது பகையைத் தேடிக்கொள்ளும் வழி. நான் தினமும் காலையில் வைக்கிறேன். கிளாசின் அடியில் இரண்டு கரண்டி ரின்பால், தகரத்தில் வரும் இனிப்புக் கெட்டிப்பால். அதன் தலையில் ஃபின் என்னும் வியட்நாமியத் தகரவடி. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கோப்பி. வந்தவர் ஐந்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பலர் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுகிறார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவன் கோப்பியைக்கூட எண்ணித்தான் தருகிறான் என்று எங்கள் ஒழுங்கைச் சனங்களிடம் பேச்சு.

செய்முறையில் என்னிடம் சமரசம் கிடையாது. மெல்பேணில் அரச அலுவலகமொன்றில், பிறர் நிரப்பிய படிவங்களில் பிழை கண்டுபிடித்தே ஓய்வுபெற்றவன் நான். கருக வறுத்துப் பருமனாக அரைத்த தூள் மூன்று கரண்டி. மேலே துளைத்தட்டை வைத்துத் திருகவேண்டும். இறுக்கினால் வடியாது, தளர்த்தினால் ஓடிவிடும். முதலில் தூள் நனையுமளவுக்கு மட்டும் கொதிநீர். அரை நிமிடம் பொறுத்து மிகுதி. பிறகு மூடி. பிறகு பொறுமை. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எங்கள் ஊரில் தட்டுப்பாடு.

இதைக் கற்றுத்தந்தவர் மெல்பேணில் பக்கத்து வீட்டில் இருந்த லான். வியட்நாமிலிருந்து படகில் வந்தவர். அம்மா இறந்த செய்தி வந்த காலை, தனியே இருக்கப் பயந்து அவருடைய கதவைத் தட்டினேன். எங்கள் வழக்கில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைக்கவேண்டும். இளையவன் நான். என் அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகவில்லை. நாட்டைவிட்டு வெளியேறினால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதை அரைகுறை ஆங்கிலத்தில் லானுக்கு விளக்கினேன். படிவம் நிரப்ப உதவி கேட்கிறேன் என்று நினைத்து அவர் மூக்குக்கண்ணாடியும் பேனையும் எடுத்துவந்து உட்கார்ந்தார். "கையெழுத்து எங்கே?" என்று கேட்டார். நான் அழத் தொடங்கியபோதுதான் பேனையை மூடினார். உள்ளே போய் ஃபின்னைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். அது வடிந்து முடியும்வரை ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கொள்ளியை அண்ணைதான் வைத்தார். அப்பாவுக்கு வைத்த அதே கையால். "இனி அவன்ரை வீட்டிலை ஒரு மிடறு தண்ணியும் வாங்கிக் குடிக்கமாட்டன்" என்று ஊரறியச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் தண்டனை இல்லை. ஓய்வுபெற்றபின் ஆண்டில் பாதியை நான் கரவெட்டியில் கழிக்கிறேன். அண்ணை வந்தால் முற்றத்தில் நின்று விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போவார். சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்.

இந்தமுறை, சித்திரா பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பு வந்தார். தாயை இழந்தவர்கள் விரதமிருந்து, கீரிமலைக் கடலில் பிண்டம் கரைத்துக் கடமை செய்யும் நாள் அது. காலில் வெங்காயத் தோட்டத்து மண்.

"கீரிமலைக்கு இந்த வரியமும் நான்தான் போகவேணுமோ? முழங்கால் மடங்குதில்லை. படி இறங்கமாட்டன்."

"நான் வாறன் அண்ணை."

"உன்னை ஆர் கேட்டது?"

அவருடைய பார்வை மேசையில் நான் வைத்திருந்த ஃபின்னுக்குப் போனது. விறாந்தையில் ஏறி நின்றார்.

"உதென்ன, கோப்பிக்கும் சொட்டுநீர்ப் பாசனமோ?"

"ஓம் அண்ணை. இருங்கோ, ஐஞ்சு நிமிசம்."

"எனக்கு வேண்டாம்."

சொன்னாரே தவிரப் போகவில்லை. சொட்டு நின்றுவிட்டிருந்தது. தோட்டத்தில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் சாப்பாடு இறங்காத மனிதர் அவர்.

"அடைச்சுப்போச்சடா. கண்டபடி இறுக்கிப்போட்டாய். அவ்வளவு படிச்சும் ஒரு திருகாணி திருகத் தெரியேல்லை."

கதிரையை இழுத்து இருந்தார். மூடியை எடுத்து, கரண்டிக் காம்பால் தட்டை அரைச்சுற்றுத் தளர்த்தினார். சொட்டத் தொடங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மன்னிப்புக் கேட்கப் பல ஆண்டுகளாக நான் திருத்தித் திருத்தி வைத்திருந்த வசனங்களை விட்டுவிட்டு, சொட்டுகளை எண்ணினேன்.

வடிந்ததும் தானே கலக்கினார். பாதியைக் குடித்தார். நான் வாய் திறக்குமுன் கையை உயர்த்தினார்.

"நீ தந்ததில்லை. நான் வடிச்சது."

சட்டப் பிரிவுகளோடே உத்தியோகம் பார்த்த எனக்கு, இப்படியொரு ஓட்டை ஒருநாளும் அகப்பட்டதில்லை.

"கைக்குதடா. மிச்சத்தை நீ குடி," என்று கிளாசை என் பக்கம் தள்ளினார். "சித்திரைப் பறுவத்தண்டு வெள்ளண வெளிக்கிட்டு நில், கீரிமலைக்கு."

கீரிமலையில் ஐயர் என் வெளிறிய கால்களைப் பார்த்து, "வெளிநாடோ?" என்று கேட்டார். நான் பதிலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பிரஜாவுரிமை, வதிவிட விசா, ஆண்டில் எத்தனை மாதம் எங்கே என்றெல்லாம் சொல்லவேண்டியிருந்தது.

"இளையவன்," என்றார் அண்ணை.

கடவுச்சீட்டை உடம்பைவிட்டுப் பிரியவிடக் கூடாது என்பது என் விதி. அன்று அதை அண்ணையின் கையில் கொடுத்துவிட்டு, பிண்டத்தோடு கடலில் இறங்கினேன். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கரைத்துவிட்டு எழுந்து திரும்பினேன். மேல்படியில் அண்ணை, தெறிக்கிற உப்புத்தண்ணீர் படாமல், அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டைத் தலைக்கு மேலே இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.