செவலை வெளியே வந்த கதை

நாய்கள் காப்பகத்திலிருந்து செவலையைக் கூட்டி வந்து இன்றோடு பத்து நாள். வளர்ந்த நாய், ரொம்பக் கூச்சம். பனியன் வெட்டுத்துணியில் மெத்தை தைத்துப் போட்டும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நான் தூங்கிய பிறகுதான் சாப்பிடும்.

இன்று காப்பகத்துப் பெண் பார்க்க வந்தார்.

"அதுகூடப் பேசறீங்களா அப்புச்சி?"

எங்கள் சந்தில் காலையில் எல்லோரும் கம்பெனி வேனில் போய்விடுவார்கள். மனைவி இறந்த பிறகு வீட்டுக்குள் பேசும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று. செவலையிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நாய்கிட்ட என்னத்த கண்ணு பேசறது?"

"அப்படீன்னா இது இங்க பழகாதுங்க, நாங்களே கூட்டீட்டுப் போயிடறோமுங்க. இதுல கையெழுத்துப் போடுங்க."

படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று முதியோர் கல்வி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், அதுவும் சத்தமாக.

"நா...யைத் தி...ருப்...பி..."

இரண்டாவது வரியில் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கு நீண்டது. மூன்றாவது வரியில் செவலை முழுசாக வந்து என் காலடியில் உட்கார்ந்தது.

அந்தப் பெண் காகிதத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். "போதும் அப்புச்சி, வேற ஏதாச்சும் படிங்க!"

வீட்டிலிருந்த செய்தித்தாளை விளம்பரம் வரைக்கும் படித்து முடித்துவிட்டேன். செவலை எழுந்து போகவில்லை.

அதனால் நண்பர்களே, இந்தப் பதிவுக்குக் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள். கைநாட்டு வைத்த கட்டைவிரலை நானே போன வருடம்தான் விட்டேன். நாலு வரி நீளமாக எழுதுங்கள்.

இங்கே கேட்க ஆள் இருக்கிறது.