சாமியறையில் ஒரு குழல் துவக்கு

சுவிஸின் லாங்கன்தாலில் துவக்குக்கு மிகவும் பயந்த மனிதர் யார் என்று கேட்டால் பத்மநாதனைத்தான் காட்ட வேண்டும். அங்குள்ள தமிழருக்குள் துவக்கு வாங்க அனுமதிப் பத்திரம் எடுத்தவர் யார் என்று கேட்டாலும் அவரைத்தான் காட்ட வேண்டும். இதில் முரண்பாடு இருப்பதாக அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இயந்திர உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் காட்டோரத்துச் சுடுகளத்தில் சுவிஸ்காரர்கள் பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுடுவார்கள். அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் வரும். வந்தவுடன் பத்மநாதன் தூசு உறிஞ்சும் மெசினைப் போட்டு வீடு முழுதும் சுத்தம் செய்வார். யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் வயிற்றுக்கு நேரே நீட்டப்பட்ட துவக்குகளை அந்த இரைச்சலுக்குள் புதைத்தார். அவருடைய மனைவி ஜெயகௌரி, தனக்கு வாய்த்தவர் வீட்டுவேலையில் அக்கறையுள்ளவர் என்று நம்பியிருந்தார்.

ஒரு வசந்தகாலத்தில் தொழிற்சாலையின் மேலாளர் ரூடி அவரைச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போனார். சத்தத்துக்குப் பயமென்றால் அந்தச் சத்தத்தை நீயே போட்டுப் பார் என்பது ரூடியின் வைத்தியம். சுடுகளச் சங்கத்தின் துவக்கு ஒன்றை வாங்கிப் பத்மநாதன் விசையை இழுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சத்தம் அவர் சொன்ன நேரத்துக்கு வந்தது. அதோடு சனிக்கிழமைச் சத்தம் சும்மா சத்தமாகிவிட்டது. வீடு மட்டும் முன்போலச் சுத்தமாக இல்லை.

சொந்தமாக ஒன்று வாங்க ஆசைப்பட்டபோது சட்டம் குறுக்கே வந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இங்கே துவக்கு வாங்க முடியாது. அவருக்குத் துவக்கில் இருந்த பயம் இந்த நாட்டுக்கு அவருடைய கடவுச்சீட்டில் இருந்தது. சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகுதான் தேடத் தொடங்கினார்.

தேடியதும் எளிதில் கிடைக்காத சாமான். தோட்டா நிரப்பும் வளைந்த ரவைக்கூடு அடியில் தொங்கும் எதையும் அவரால் பார்க்க முடியாது. சாவடியில் அவர் கண்ணில் பட்டதெல்லாம் அந்த வளைவுதான். அவருக்கு வேண்டியது, குழலுக்குக் கீழே இன்னொரு மெல்லிய குழல் ஓட, அதற்குள் சின்ன ரவைகள் வரிசையாகப் படுத்திருக்கும் துவக்கு. ஒவ்வொரு தடவை விசையை இழுக்கும்போதும் அடுத்த ரவை தானாக ஏறும். தூரத்தில் பார்த்தால் யன்னல் திரைக்கம்பி மாதிரி இருக்கும். போன கடையிலெல்லாம், "இந்தக் காலத்தில் இதை யார் கேட்கிறார்கள்?" என்று வேறு எதையாவது எடுத்து நீட்டினார்கள். நீட்டியதெல்லாம் வளைந்திருந்தது.

கடைசியில் இன்டர்லாக்கனில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் யேசுதாசன் போன் எடுத்தார்.

"அண்ணை, எங்கட பழைய கேக்காரன் ஏர்வின் ஒண்டு விக்கப்போறானாம். குழாய் வைச்சது. கெதியா வாங்கோ, மனுசன் மனம் மாறீடும்."

ஓய்வுபெற்ற அந்தக் கேக் சமையல்காரர் நவராத்திரியின் கடைசி நாளன்று இருவரையும் தன் ஊர்ச் சுடுகளத்துக்கு அழைத்தார். பத்மநாதன் சுட்டார், குறி பிழைத்தது, மனம் நிறைந்தது. ஏர்வின் உள்குழாயை உருவி மீதி ரவைகளைத் துவாயில் கொட்டிக் காட்டினார். "குழாய் காலியென்றால் துவக்கு காலி என்று நினைக்காதே. ஒன்று உள்ளே ஏறி நிற்கும். கைப்பிடியைப் பின்னால் இழு. கண்ணால் பார், விரலாலும் பார்." அந்த நேரம் பார்த்து யேசுதாசன், "அண்ணை, தேத்தண்ணி ஆறுது" என்றார். எல்லாரும் திரும்பினார்கள்.

துவக்கை விலைக்கு வாங்கிப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சரசுவதி பூசைக்கு ஜெயகௌரி படி அடுக்கிக்கொண்டிருந்தார். தையல் கத்தரிக்கோல், பத்மநாதனின் முறுக்குச்சாவி, பேர்ணில் சட்டம் படிக்கும் மகள் மதுஜாவின் மடிக்கணினி எல்லாம் சந்தனப் பொட்டோடு இருந்தன.

"உதையும் கொண்டாங்கோ," என்றார் ஜெயகௌரி.

"இதையோ? உமக்குத்தான் இது கண்ணிலயும் காட்டேலாதே."

"அதுக்குத்தான். வீட்டுக்குள்ள வந்திட்டுது. அம்மாளின்ர கட்டுப்பாட்டில இருக்கட்டும்."

மதுஜா எட்டிப் பார்த்தாள். "அப்பா, துவக்கைக் கவனமா வைக்கோணும் எண்டு சட்டத்தில இருக்கு. சரசுவதி கணக்கில வருவாவோ தெரியாது."

மனைவி மனம் மாறுவதற்குள் பத்மநாதன் துவக்கைப் படியில் கிடத்தினார். ஜெயகௌரி பொட்டு வைத்தார். குழல் வாய் சாமியறை வாசலைப் பார்த்துக் கிடந்தது. படியில் வைத்ததை மறுநாள் விசயதசமிப் பூசை முடியும்வரை தொடக்கூடாது. அந்த வீட்டில் சுவிஸ் சட்டத்தைவிட உறுதியான சட்டம் அது.

மாலையில் விருந்தினர் வந்தார்கள். கடலை, அவல், சின்னப் பிள்ளைகளின் ஓட்டம். பத்மநாதன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். வாய்வரை போன கோப்பை நின்றது.

தேத்தண்ணி. ஏர்வின் சொன்னபடி யாரும் கைப்பிடியை இழுக்கவில்லை. கண்ணாலும் பார்க்கவில்லை, விரலாலும் பார்க்கவில்லை.

சாமியறை வாசலில் பிள்ளைகள் உள்ளே வெளியே என்று ஓடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி, அந்தக் கறுப்புக் கம்பி என்ன என்று கேட்டுக்கொண்டே படியை நோக்கிப் போனாள்.

பத்மநாதன் கோப்பையை வைத்துவிட்டுப் போய், படிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில், குழல் வாய்க்கு நேரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதுகை நேராக வைத்து, மறைக்கக்கூடிய அளவுக்கு அகலமானார். சொன்னால் துவக்கு அன்றைக்கே வீட்டைவிட்டுப் போகும். சனிக்கிழமைச் சத்தம் பழையபடி வயிற்றுக்குள் வரும். சொல்லாவிட்டால் ஒரு சின்னக் கை போதும். அவருக்குத் தேவாரம் ஒன்றுதான் முழுதாகத் தெரியும். அதையே திரும்பத் திரும்பப் பாடினார். நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கி வழிந்தது.

"பத்மநாதன் அண்ணைக்கு இவ்வளவு பக்தியெண்டு ஆருக்குத் தெரியும்," என்றார் வந்திருந்த பத்மினி அக்கா. "கண்ணால தண்ணியெல்லே வடியுது."

ஜெயகௌரிக்குத் தன் கணவரைத் தெரியும். பக்கத்தில் வந்து குனிந்தார். "இஞ்சாருங்கோ, என்ன நடந்தது?"

முதுகுக்குப் பின்னால் அந்தச் சிறுமி ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது. பத்மநாதன் பாட்டை நிறுத்தினார்.

"பிள்ளையளை வெளியில எடும், கௌரி. எல்லாரையும். துவக்குக்குள்ள ரவை இருக்கோ எண்டு நான் பாக்கேல்ல."

யாரும் கத்தவில்லை. மதுஜா சிறுமியைத் தூக்கினாள். அறை காலியானது. ஜெயகௌரி மட்டும் கதவடியில் நின்றார்.

"பூசை முடியாமல் தொடக்கூடாதே," என்றார் பத்மநாதன். பயத்திலும் அவருக்கு அந்தச் சட்டம் நினைவிருந்தது.

"நான்தான் வைக்கச் சொன்னனான். நான்தான் எடுக்கச் சொல்லுறன். எடுங்கோ."

குழலைக் கல்சுவருக்குத் திருப்பிக் கைப்பிடியை இழுத்தார். நிலக்கடலை அளவில் பித்தளைத் துண்டு ஒன்று துள்ளிக் கடலைத் தட்டில் விழுந்து, சின்ன மணி தட்டியதுபோல் ஒலித்தது. கண்ணால் பார்த்தார். பிறகு விரலால் பார்த்தார்.

ஜெயகௌரி தட்டிலிருந்த ரவையைப் பார்த்தார். பிறகு அவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த இடத்தையும், குழல் கிடந்த திசையையும் பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டோ உதுக்கு முன்னால இருந்தனீங்கள்?"

"பிள்ளையள் ஓடித் திரிஞ்சுதுகள்."

ஜெயகௌரி கடலைத் தட்டை எடுத்துப்போய் முழுதையும் குப்பையில் கொட்டினார். ரவையை மட்டும் துடைத்து மகளிடம் கொடுத்து, பூட்டி வைக்கச் சொன்னார்.

மறுநாள் விசயதசமி. படியில் வைத்ததை எடுத்து ஒரு சிறு வேலையாவது செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மதுஜா நாலு வரி படித்தாள். பத்மநாதன் முறுக்குச்சாவியை எடுத்து, இறுக்கமாகவே இருந்த கதிரைக் கால் ஒன்றை இன்னும் இறுக்கினார். துவக்கை அவர் பார்க்கவில்லை.

"அது?" என்றார் ஜெயகௌரி.

"கேக்காரனிட்டத் திருப்பிக் குடுக்கிறன்."

"குடுத்துப்போட்டு? சனிக்கிழமையில திரும்பவும் தூசு உறிஞ்சப்போறீங்களோ?"

பத்மநாதன் நிமிர்ந்து பார்த்தார். ஒருநாளும் சொன்னதில்லை; மனைவிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"சங்கத்தில பூட்டி வைக்க இடம் இருக்கெண்டு மதுஜா சொன்னவள். வீட்டுக்கு வேண்டாம்," என்று ஜெயகௌரி மேல்கோட்டை மாட்டிக்கொண்டார். "நானும் வாறன். எந்தக் கைப்பிடியை இழுக்கிறதெண்டு எனக்கும் காட்டுங்கோ. உங்கட விரலை நான் நம்பேல்ல."