கார் ஷெட்டில் ஓர் ஓண விடுமுறை

எங்கள் வீட்டில் நிலைப்படிகள் அதிகம். வலியசாலைத் தெருவின் மற்ற வீடுகளைப் போலவே அதுவும் அகலம் குறைந்து நீளம் மிகுந்த வீடு. வாசலில் நுழைந்தவர் கொல்லைக் கிணற்றை அடைவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறைகளையும், அறைக்கு அறை குறுக்கே கிடக்கும் ஒரு மரக்கட்டையையும் கடக்க வேண்டும். நடப்பவர்களுக்கு இது தெரியாது. கால் தானாக உயர்ந்து தானாகத் தாழ்ந்துவிடும். அப்பாவின் தங்கையான என் அத்தை சக்கர நாற்காலியில் இருந்தவள். ஒவ்வொரு நிலைப்படியிலும் நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து, முன்சக்கரங்களைத் தூக்கி, பின்சக்கரங்களை ஏற்றி, அதிராமல் இறக்க வேண்டும். அம்மாவும் நானும் அதைச் செய்தோம். ஒன்பது வயதில் எனக்கு வாய்த்த ஒரே பதவி அதுதான். அம்மாவின் தம்பியான மாமா என்னை 'டிரைவர்' என்றே கூப்பிடுவார்.

சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சலில் அத்தையின் கால்கள் செயலிழந்திருந்தன. கூடத்து ஜன்னலருகே அமர்ந்து, தெருப் பிள்ளைகளுக்கும் ஆரியசாலைக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதைத் தன் கைகளின் பலத்தாலேயே செய்துகொள்வாள். நாற்காலியில் அமர்ந்ததும் அந்தக் கைகள் மடிக்கு வந்துவிடும். இரண்டு முழம் உருண்டால் அடுத்த நிலைப்படி என்றிருக்கும் வீட்டில் சக்கரத்தைத் தொட்டு என்ன ஆகப்போகிறது? ஆகவே நாற்காலி என்பது பின்னாலிருந்து தள்ளினால் நகரும் பொருள் என்றும், தள்ளுகிற ஆள் நான் என்றும் எனக்குள் தீர்மானமாகியிருந்தது.

அத்தையோடு எந்நேரமும் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்பது வீட்டின் சட்டம். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. கல்யாணம், கோயில், கடற்கரை என எல்லோரும் கிளம்பும் நாட்களில் அம்மா தங்குவாள். அம்மா போயே தீரவேண்டிய நாட்களில் நான் தங்குவேன்.

அந்த ஆண்டு ஓணத்துக்கு முன்பு, கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் அணைக்கட்டுப் பூங்காவில் வண்ண விளக்குகளோடு நீரூற்று வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி எங்கள் தெருவை எட்டியது. சிமெண்டில் ஒரு முதலையும் செய்திருக்கிறார்களாம். வாய்க்குள் ஏறி வால் வழியாகச் சறுக்கி வரலாமாம். கணக்குப் படிக்க வந்த பிள்ளைகள் இதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா, எங்களை அங்கே அழைத்துப் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். வழக்கம்போல அம்மா, "நான் ஆத்துல இருக்கேன். நீங்க போயிட்டு வாங்கோ" என்றாள்.

"நானும் வரேன்" என்றாள் அத்தை.

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"ஆனா ஒண்ணு. என்னை யாரும் தூக்கப்படாது."

அந்த நிபந்தனைக்கு ஒரு வரலாறு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தின் படிகளில் அப்பாவும் இரண்டு உறவினர்களும் அத்தையைக் கைகளில் ஏந்தி ஏறினார்கள். நாகஸ்வரக்காரர்கூட ஒரு கணம் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம். பந்தலில் இருந்த எல்லோரும் 'பாவம்' என்று சொன்னார்களாம். அதன்பிறகு அத்தை ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் போனதில்லை. இப்போது போகலாம் என்கிறாள், தூக்காமல் முடியுமென்றால்.

அப்பா டாக்ஸி என்றார். கட்டிலைப் போல நாற்காலியின் உயரத்துக்கு வராத டாக்ஸி இருக்கைக்கு ஆளை எப்படி மாற்றுவது? தூக்கித்தான். பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. பேச்சு அங்கேயே முடிந்துபோயிருக்கும். மறுநாள் ஆரியசாலை அரிசிக்கடை அண்ணாச்சி தம் மகனை ட்யூஷனிலிருந்து அழைத்துப் போக வந்தபோது, அத்தை அவரிடம் சாதாரணமாகக் கேட்டாள்: உங்கள் பிக்கப் வேனில் மூட்டையைப் பலகை போட்டுத்தானே உருட்டி ஏற்றுகிறீர்கள்?

அண்ணாச்சிக்கு விஷயம் உடனே பிடிபட்டது. "டீச்சரம்மா, வண்டி சனிக்கிழம மத்தியானம் கிழக்கதான் போவுது. மறுநா காலையில சந்தையில வாழக்குலை ஏத்திட்டுத் திரும்பும். தாராளமா வாங்க. வாடகை கீடகைன்னு மட்டும் பேசினியன்னா எனக்குக் கோவம் வந்துரும், ஆமா."

அப்பாவுக்கும் கோபம் வந்தது, வேறு காரணத்துக்காக. "வாழைக்குலை ஏத்தற வண்டியிலா நீ போப்போறே? தெருவே வாசல்ல நின்னு பாக்கும்."

"டாக்ஸியில போனாலும் பாக்கத்தான் போறது, அண்ணா. உன் தோள்ல நான் தொங்கறதைப் பாக்கும். இதுல போனா நாற்காலியில உக்காந்திருக்கறதைப் பாக்கும். எது தேவலை?"

"அப்போ நீங்க எல்லாரும் சாமானோட போங்கோ. நான் பஸ்ஸில வந்துக்கறேன்" என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வேன் மறுநாள்தான் திரும்பும் என்பதால் இரவு தங்க ஓர் இடம் வேண்டும். மாமா பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பூங்காவையொட்டி ஒரு பயணியர் பங்களா இருப்பதாகவும், ஜன்னலைத் திறந்தால் அணை தெரிவதாகவும், சமையல்காரன் போடும் சப்பாத்தி பஞ்சு போல இருப்பதாகவும் விரிவாக வர்ணித்தார். அத்தை கடைசி வரை கேட்டாள்.

"வாசல்ல படி எத்தனை?"

மாமா யோசித்தார். "படியா? ஏறித்தானே போனேன்... இருந்திருக்கும்."

"பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்?"

"அதுலயும் போயிட்டு வந்தேனாக்கும்! நன்னாத்தான் இருந்தது."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கால் இருக்கறவாளை அனுப்பி என்ன பிரயோஜனம்? டிரைவரைக் கூட்டிண்டு போங்கோ."

அடுத்த முறை நானும் போனேன். அத்தை ஒரு பாவாடை நாடாவை எடுத்து, நாற்காலியின் ஒரு சக்கரத்தின் விளிம்பிலிருந்து மறு சக்கரத்தின் விளிம்பு வரை பிடித்து, இரு முனையிலும் முடிச்சுப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தாள். பங்களாவின் வாசலைப் பார்த்ததுமே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அது கோயில் குளம் போலப் படிகளோடு நின்றது. பக்கவாட்டு வழியில் படிகள் குறைவு, ஆனால் நாடா குளியலறைக் கதவுக்குள் அடங்கவில்லை. எதிரே இருந்த லாட்ஜில் அறைகளெல்லாம் மாடியில். மாமாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. அப்போது மழை பிடித்துக்கொள்ள, பங்களாவுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டுக்குள் ஓடி ஒதுங்கினோம்.

முற்றத்திலிருந்து மெல்லச் சரிந்து ஏறும் சிமெண்டுத் தரை. இரண்டு பெரிய மரக்கதவுகள். மூலையில் டிரைவர்கள் குளிப்பதற்கென்று ஓர் அறை. அதன் வாசலில் நிலைப்படியே இல்லை. எனக்கு அந்த இடம் சற்றும் பிடிக்கவில்லை. தரையெல்லாம் எண்ணெய்க் கறை. ஆனாலும் கை பழக்கத்தில் நாடாவை விரித்துவிட்டது. குளியலறைக் கதவுக்குள் நாடா அடங்கி, மேலும் என் கை நுழைய இடமிருந்தது. அங்கே ஒதுங்கி நின்ற பங்களாக் காவல்காரர் சிரித்தார். "மோளே, இது காறினுள்ளதா. ஆளுக்கல்ல." காருக்கான இடத்தை மனிதர்களுக்காக அளப்பவளை அவர் முதன்முறையாகப் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்து நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஷெட்டைக் கடைசியில் வைத்து, எண்ணெய்க் கறையை மட்டும் சற்று அழுத்திச் சொன்னேன். அத்தை கறையைப் பற்றிக் கேட்கவில்லை.

"படி?"

"இல்லே."

"நாடா?"

"போறது. மேல கையும் போறது."

"அப்போ அதுதான்."

அம்மாவுக்குத் தாங்கவில்லை. "ஷெட்டிலயா போய்ப் படுக்கறது? யாராவது கேட்டா என்ன சொல்றது?"

"காருக்குக் கிடைக்கற சௌகரியம் எனக்கும் கிடைச்சாப் போறும், மன்னி."

மாமா மீண்டும் போய்க் காவல்காரரோடு பேசி, ஷெட்டைக் கழுவிவிடவும், கயிற்றுக் கட்டில்கள் போடவும் ஏற்பாடு செய்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் வேன் எங்கள் வாசலில் நின்றது. அப்பா சொன்னது சரிதான். தெரு முழுவதும் வந்து நின்றது. டிரைவர் ஒரு மலையாளி. பலகையைச் சரித்துப் போட்டு, "சேச்சி பேடிக்கண்டா. இன்னு வரை ஒரு சாக்கும் வீணிட்டில்ல" என்றார். பயப்பட வேண்டாம், இதுவரை ஒரு மூட்டைகூட விழுந்ததில்லை என்பது அவர் கொடுத்த உறுதிமொழி. "சாக்கு சத்தம் போடாது, நான் போடுவேன். பாத்துத் தள்ளுங்கோ" என்றாள் அத்தை. டிரைவரும் மாமாவும் தள்ள, நாற்காலி தன் சக்கரங்களிலேயே ஏறி மேலே போய் நின்றது. இரண்டு அரிசி மூட்டைகள் சக்கரங்களுக்கு அண்டைகொடுத்தன. தெருவைவிட உயரமான ஓர் இடத்திலிருந்து அத்தை எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தாள். யாரும் 'பாவம்' என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டு அதைச் சொல்வது கடினமாக இருந்திருக்கலாம்.

பஸ் நிறுத்தத்தில் அப்பா குடையை ஊன்றிக்கொண்டு, எங்களைத் தெரியாதவர் போல எதிர்த்திசையைப் பார்த்து நின்றார். வேன் நின்றது.

"அண்ணா, இடம் இருக்கு."

"வேண்டா. பஸ் இப்போ வரும்."

"போன பஸ்ஸில தொங்கிண்டு போனாளே, பாக்கலையா? வா அண்ணா."

அப்பா இருபுறமும் பார்த்தார். பிறகு குடையை முதலில் உள்ளே போட்டுவிட்டு ஏறி, ஸ்டெப்னி டயரின் மேல் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியதும், காற்றில் அத்தையின் புடவைத் தலைப்பு பறக்காமல் அவர்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாலையில் பூங்காவுக்குப் போனோம். ஷெட்டிலிருந்து வாயில்வரை சமதரை. பூங்காவுக்குள்ளும் செம்மண் பாதைகள் மேடு பள்ளமின்றி ஓடின. சற்றுமுன் பெய்த தூறலில் மண் ஈரமாக இருந்தது. நான் பெருமையோடு தள்ளினேன். நீரூற்றின் விளக்குகள் எரிந்தன. தண்ணீர் சிவப்பாகி, பச்சையாகி, மஞ்சளானது. கூட்டமெல்லாம் முதலையை நோக்கி நகர்ந்தது. அத்தை ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க எல்லாரும் முதலையைப் பாத்துட்டு வாங்கோ. நான் இங்கேயே இருக்கேன்."

"தனியாவா?" என்றார் அப்பா. "நான் இருக்கேன், நீங்க போங்கோ" என்றாள் அம்மா. நானும் இருப்பதாகச் சொன்னேன்; முதலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை மறைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"யாரும் இருக்க வேண்டா." அத்தையின் குரல் கணக்கில் தவறு செய்யும் பிள்ளையிடம் பேசும் குரலாக இருந்தது. "பூங்காவில வந்து என்னை யார் தூக்கிண்டு போகப் போறா? போங்கோ. மெதுவா வாங்கோ."

நாங்கள் போனோம். நான் முதலையின் வாய்க்குள் பலமுறை போய் வால் வழியாக வந்தேன். அம்மா மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவே பூச்செடிகளின் மறைப்பு.

திரும்பி வந்தபோது அத்தை அதே கம்பத்தடியில், கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்திருந்தது.

"போரடிச்சுதா?" என்றாள் அம்மா.

"இல்லே மன்னி. இங்கேயேதான் இருந்தேன்."

அவளுடைய இரு உள்ளங்கைகளும் செம்மண்ணாக இருந்தன. நாற்காலி அழுக்காகியிருக்கிறது, நாளை துடைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அப்போது நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குக் கம்பத்துக்கு அப்பால், ஈர மண்ணில், இரண்டு கோடுகள் அருகருகே ஓடின. நீரூற்றைச் சுற்றி வந்து, மூங்கில் வேலிவரை போய், அங்கே ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், பிறகு அணைக்கரையோரப் பாதையில் வெகுதூரம். யாரோ இன்னொருவர் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார்! ஊரில் அத்தையிடம் மட்டுமே இருப்பதாக நான் எண்ணியிருந்த ஒன்று. அந்த ஆளைக் காண வெளியேறும் கூட்டத்தில் கடைசிவரை தேடினேன்.

மறுநாள் காலை வேன் வாழைக்குலைகளோடு வந்தது. நாற்காலிக்கு அண்டைகொடுக்க இம்முறை மூட்டைக்குப் பதில் குலைகள். அப்பா யாரும் கூப்பிடாமலேயே ஏறி டயரின் மேல் உட்கார்ந்தார். வழியில் நான் அத்தையிடம் கேட்டேன்:

"நேத்து இன்னொரு நாற்காலி வந்துதே, நீ பாத்தியா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "பாத்தேன்."

"யாரு தள்ளினா?"

"யாரும் தள்ளலே."

கணக்கில் அவ்வளவு கூர்மையான அத்தைக்குக் கண்ணெதிரே போனதைக் கவனிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு வியப்பாகவும் சற்று வருத்தமாகவும் இருந்தது. தெரு வந்தது, பலகை இறங்கியது, நான் நாற்காலியின் பின்னால் என் இடத்துக்குப் போனேன். பின்னால் ஓர் ஆள் இல்லாமல் நாற்காலி நகரவே நகராது என்பதை வாசலிலிருந்து முதல் நிலைப்படி வரைக்கும் அவளுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே தள்ளினேன். அத்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.