உப்பு போட்டாச்சா?

ஐம்பதுகளின் கடைசியில், செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு, புகுந்த வீட்டில் அதுதான் முதல் ரமலான். அன்றைக்குத்தான் மாமியார் நோன்புக் கஞ்சியை முதன்முதலாக என் பொறுப்பில் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓதப் போயிருந்தார். நோன்பு திறக்க மாமனாரோடு விருந்தாளிகள் வருவதாக இருந்தது.

பானையை இறக்கி வைத்தபோது, தையல் மிஷினில் இருந்த நாத்தனார் சும்மா கேட்டாள்: “மச்சி, உப்பு போட்டாச்சா?”

போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பூட்டிய கதவையே திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற சுபாவம். உப்பு ஜாடிக்குள் என் கை போனது கண்ணுக்குள் தெரிந்தது. அது இன்றைக்கா, நேற்றைக்கா? இரண்டு நாள் ஞாபகமும் ஒரே மாதிரி இருக்கிற அதிசயம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நுனிநாக்கில் வைத்துத் துப்பினால் நோன்பு முறியாது என்பார்கள். ஒரு சொட்டு உள்ளே போய்விட்டால்?

“பயப்படாதீங்க மச்சி. ருசி பாக்காமலே கண்டுபிடிப்போம்” என்று எழுந்து வந்தாள். விடுகதை என்றால் அவளுக்குச் சோறு வேண்டாம். “அடுப்புப் பத்த வைக்கையில அம்மா இல்ல. நான் இந்தப் பக்கமே வரல. போட்டிருந்தா நீங்கதான். பருப்பு வேகறதுக்கு முந்தியா, பிந்தியா?”

முந்திப் போட்டால் பருப்பு சரியாக வேகாது. அகப்பையில் எடுத்து நசுக்கினாள், மாவாகக் கரைந்தது. “முந்தி இல்ல.”

பருப்பு வெந்ததிலிருந்து இறக்குகிறவரை என் கையெல்லாம் தேங்காய்ப்பால். அந்தக் கையால் தொட்டிருந்தால் ஜாடியின் கறுப்பு மூடியில் வெள்ளைத் தடம் இருக்கும். மூடி சுத்தமாக இருந்தது. “பிந்தியும் இல்ல. அப்ப போடவே இல்ல!”

“கையக் கழுவிட்டுப் போட்டிருந்தா?” என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. “அப்பிடிக் கேளுங்க!” என் உள்ளங்கையை இழுத்து முகர்ந்தாள். “தேங்காப் பிசுக்கு அப்பிடியே இருக்கு. எங்க கழுவுனீங்க?”

கேட்க எனக்கு வேறு சந்தேகம் அகப்படவில்லை. கையைக் கழுவித் துடைத்து, ஒரு பிடி உப்பை அள்ளினேன். அந்த நேரம் பார்த்து மாமியார் வந்துவிட்டார்.

“ஏம்மா, முதல்லயே போட்டிருப்பியே! ரெண்டாந் தடவ போட்டுக் கரிக்க வச்சிராத. விருந்தாளி வார நேரம்.”

“போடல மாமி.”

“நிச்சயமா?”

எதற்குமே அந்தச் சொல்லைச் சொன்னவள் இல்லை நான். “நிச்சயம் மாமி” என்று சொல்லி, மனசு மாறுவதற்குள் உப்பைப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

பாங்கு சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் முன்கூடத்திலிருந்து இன்னும் கஞ்சி கேட்டுக் குரல் வந்தது. மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

“ஒரு கல்லு தூக்கல்தான். ஆனா ரெண்டு தடவ போட்டது இல்ல. வாயில வைக்காம எப்பிடித் தெரிஞ்சுச்சு?”

“மோந்து பாத்தோம்” என்றாள் நாத்தனார்.

“உப்புக்கு ஏதுடி வாசம்?”

“கஞ்சிய இல்லம்மா. மச்சி கைய.”