கார் நின்ற நொடி

அக்காவின் பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அத்தானின் கார் மூன்றாவது முறையாகக் கொச்சியின் தோப்பும்படிப் பாலத்தின் நடுவில் நின்றது. அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் மருத்துவமனை. சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். வீடு திரும்பியதும் அம்மா, ஓர் ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கலாமே என்றாள். அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டார்.

"என் வண்டி வாசல்ல நிக்கும்போது இவ ஆட்டோவுல போகணுமா?"

சுள்ளிக்கல்லில் இருந்த மெக்கானிக் இரண்டு முறை காரை ஓட்டிப் பார்த்திருந்தார். "மோளே, ஒரு குழப்பமும் இல்ல. என் முன்னால நின்னாத்தான் நான் நம்பும்" என்றார் மலையாளம் கலந்த தமிழில். அவர் முன்னால் அது நின்றதே இல்லை.

நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகும் ஒரு சிறு கருவியை வாங்கினேன். காருக்குள் நடப்பதை அது என் கைபேசியில் இருக்கும் செயலிக்குச் சொல்லும். ஆனால் கார் நிற்கும்போதெல்லாம் செயலியும் மூடிக்கொண்டது. செயலி நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஐந்து படிகளோடு பதில் வந்தது. அமைப்புகளில் டீபக் லாக்கை, அதாவது நடப்பதை வரிவரியாகப் பதியும் வசதியை, இயக்கவும். காரோடு இணைக்கவும். கோளாறு மீண்டும் வரும்வரை ஓட்டவும். பதிவை அனுப்பவும். பிறகு மறக்காமல் லாக்கை அணைக்கவும், இல்லாவிட்டால் கைபேசி நிரம்பிவிடும். அதை ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினேன்.

முதல் நாள் மதியம் நான் இறங்கி வந்தபோது கார் குளித்து நின்றது. கண்ணாடியில் ஒரு முழம் மல்லிகை.

"எதுக்கு அத்தான் இதெல்லாம்?"

"நீ அனுப்புற பதிவை யாரோ பாக்கப் போறாங்கல்ல?"

பஜார் சாலையில் கிடங்குகளின் கதவுகள் திறந்திருந்தன. சுக்குத் தூசி வெயிலில் மிதந்தது. என் மடியில் இருந்த கைபேசியில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன: நேரம், கேள்வி, பதில், நேரம், கேள்வி, பதில். செயலி கேட்கிறது, கார் சொல்கிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் தெருவின் சத்தம் எங்கோ தள்ளிப் போயிற்று. போர்ட் கொச்சி வரை போய்த் திரும்பினோம். கார் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. அதற்கடுத்த நாளும். மூன்று நாள் பதிவிலும் குறை சொல்ல ஒரு வரி இல்லை.

நான்காம் நாள், வீட்டில் புழுங்குகிறது என்று அக்காவும் வந்து பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். வைப்பின் தீவுக்கு வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்கார் படகில் ஏற வண்டிகள் வரிசை கட்டியிருந்தன. நாங்களும் வரிசையில் நின்றோம். நீரில் ஆகாயத்தாமரை பச்சைத் திட்டுகளாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன, உங்க காரைப் பொண்ணு பாக்க வந்திருக்காங்களா? இப்படி ஊர்ந்து வர்றீங்க?" என்றாள் அக்கா. "ஏசியப் போடுங்க. வேர்த்து ஊத்துது."

"ரெக்கார்டு ஓடுது. கொஞ்சம் பொறு."

"ரெக்கார்டா பிள்ளை பெறப் போகுது? போடுங்கன்னா!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளும் ஏசி போடவில்லை. சிக்னல்களைத் தவிர்த்துச் சந்துகளில் திரும்பியிருந்தார். பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப்போல் காரை அழைத்துப் போயிருந்தார்.

"அத்தான், அது கெட்டுப்போறதைத்தான் நாம பிடிக்கணும்."

"தெரியும்" என்றார். "இருந்தாலும், தெரியாத ஆளுங்க முன்னால அதை விட்டுக்குடுக்க மனசு வரல."

கையை நீட்டி ஏசியைப் போட்டார். குளிர்ந்த காற்று வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இயந்திரத்தின் சுற்று எழுநூற்றைம்பது. அறுநூற்றுப் பத்து. நானூறு. காரின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பூஜ்யம். செயலி மூடிக்கொண்டது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நாங்கள் மூவரும் சிரித்தோம். ஒரு கார் நின்றதற்கு அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் சிரித்ததில்லை.

பதிவு பத்திரமாக இருந்தது. அன்றே அனுப்பினேன். கார் நின்ற பிறகு சாவியைத் திருப்பும்போது மின்னழுத்தம் விழுவதாகவும், அதைத் தாங்காமல் செயலி மூடிக்கொள்வதாகவும் நான் நினைத்திருந்தேன். சாவியைத் தொடும் முன்பே இணைப்பு அறுந்திருப்பதைக் கடைசி வரிகள் காட்டின. செயலியைத் திருத்துவதாக உதவிப் பிரிவு எழுதியது. அந்தக் கடைசிப் பத்து வரிகளை மெக்கானிக்கிடம் நீட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஓ, ஏசி போட்டப்போளா? இது சேட்டன் என்கிட்ட பறையவே இல்லல்லோ" என்று அத்தானைப் பார்த்தார். காற்று உள்ளே போகும் வழியில் கரி அடைத்திருந்தது. ஒரு மணி நேரம் துடைத்தார்.

சொன்ன நாளுக்கு முன்பே, ஒரு காலையில் அக்காவுக்கு வலி வந்தது. பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையை நெரித்தாள். அத்தான் இயந்திரத்தின் சுற்றைக் காட்டும் முள்ளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. கீழே கப்பலுக்கு வழிவிடுவதுபோல் நீர் விலகி விலகிச் சேர்ந்தது. கார் நிற்கவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கைபேசியில் இடமில்லை என்று வந்தது. தேடினால், ஐந்தாவது படியை நான் செய்யவே இல்லை. காரில் ஏறியதும் செயலி தானாக இணைந்து அந்தக் காலை முழுவதையும் பதிந்து வைத்திருந்தது. பாலத்தின் மேல் பதினோரு நிமிடம்: எண்ணூறு, எழுநூற்றுத் தொண்ணூறு, எண்ணூறு. நேரம், கேள்வி, பதில். மற்ற எல்லாப் பதிவுகளையும் அழித்தேன். லாக்கை அணைத்தேன். அந்த ஒன்றை மட்டும், தொட்டிலில் கிடந்தவளின் செல்லப்பெயரைக் கோப்புக்கு இட்டு, வைத்துக்கொண்டேன்.