அண்ணி ஊர் மேளம்

தேங்காய் மூடி அளவே இருக்கும் நீல நிற ஸ்பீக்கர் ஒன்று என் அலமாரியில் கிடக்கிறது. தூக்கிப் போடவும் மனமில்லை, தொடவும் துணிவில்லை. ஆறு வருடத்துக்கு முன் கிட்வாய் நகர் வீட்டில், அண்ணியின் வளைகாப்பன்று அதில் மேளம் போட்டவள் நான்தான்.

அண்ணி தாய்லாந்துக்காரி. பாங்காக்கில் வேலை பார்த்த என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தில்லிக்கு வந்தவள். தமிழை எங்களிடமும் இந்தியைக் காய்கறி வண்டிக்காரரிடமும் கற்றுக்கொண்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே 'லூக் துங்' பாடுவாள். வயற்காட்டுப் பிள்ளைகளின் பாட்டாம். பட்டணத்துக்கு வேலைக்குப் போன பெண் ஊரை நினைத்து ஏங்குவது. குரலை இழுத்து நடுங்கவிடும்போது நானும் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்பேன். அவள் அப்பா வேறு வகை. அவர்கள் ஊர்க் கோயில் மேளக்குழுவில் ரனாத் என்னும் மரக்கட்டை வாத்தியம் வாசித்தவர். குருவைக் கும்பிடாமல் கோலைத் தொடமாட்டாராம். வாத்தியத்தை யாராவது தாண்டிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காதாம்.

அந்த அப்பா இறந்தபோது அண்ணிக்கு ஏழாம் மாதம். விமானத்தில் போகலாம் என்று டாக்டரே சொல்லியும் அம்மா விடவில்லை. "பிள்ளத்தாச்சி எழவு வீட்டுக்குப் போவாளா? ஊரு சிரிக்கும்ட்டி" என்றாள். அண்ணன் ஆபீஸுக்குக் கிளம்பிப் போய்விட்டான். அண்ணியின் பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தாள் அம்மா. அன்று மதியம் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ப்ளீஸ், சாவி குடு. ஜல்தி வந்துடுவேன். ஏழாம் நாள்தான் எரிப்பாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணன்கிட்ட கேளுங்க அண்ணி." கோழை! சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

அந்த ஏழாம் நாளில்தான் இங்கே வளைகாப்பு. கல்யாணமான பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு, நாள் குறித்தாயிற்று, மாற்ற முடியாது என்றாள் அம்மா. அண்ணியை மனையில் உட்காரவைத்தார்கள். எனக்கோ உறுத்தல். அவளைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாமே என்று போனில் தேடி, அவள் ஊர் மேளம் ஒன்றைப் போட்டேன். குழலும் முரசும் மணியோசையும் நம் நாதஸ்வரக் கச்சேரி போலவே கேட்டன. மங்கள வாத்தியம்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன், அதிகப்பிரசங்கி. அண்ணி சட்டென்று எழப் பார்த்தாள். இரு பக்கமும் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பிடித்து அமர்த்தினார்கள். நான் பயந்துபோய் அணைக்கப் போனேன். "வேணாம், நிறுத்தாத" என்றாள். கையெல்லாம் சந்தனம், முழங்கை வரை கண்ணாடி வளையல். கண்ணைத் துடைக்கக்கூட அவளால் முடியவில்லை. "ஊரு நெனப்பு, பாவம்" என்றார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள்.

போன குளிர்காலத்தில் எங்கள் அப்பா காலமானார். கூடத்தில் கிடத்தியிருந்தோம். அண்ணி அந்த ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நீ போட்டியே, எங்க ஊர்ல அது சாவுக்குத்தான் வாசிப்பாங்க. எங்க அப்பா வாசிச்சதும் அதான். அந்த நேரம்தான் அங்க அவருக்கு நெருப்பு வெச்சாங்க. நான் போகலை. மேளமாவது கேட்டேன், உன்னால." பிறகு மெல்லக் கேட்டாள்: "மாமாவுக்குப் போடவா?"

அவள் என்னைத் திட்டித் தீர்த்திருக்கலாம். நான் தலையை ஆட்டினேன். மேளம் கேட்டுக்கொண்டே அழுதேன், யாருடைய அப்பாவுக்கு என்று தெரியாமல்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள், இத்தனை வருடமும் என்னிடமே இருந்த பீரோச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அண்ணி கையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப எதுக்கு? அங்க யாரு இருக்கா?"

ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அந்தச் சாவியும் கிடக்கிறது.