முனுசாமியை ஆபிரகாம் ஆக்கியவன்

திங்கட்கிழமை காலை தாம்பரம் பார்சல் அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த முனுசாமியின் நாற்காலி காலியாக இருந்தது. "முனுசாமிக்குக் காய்ச்சல் இன்னும் விடலையா?" என்று கேட்டேன். போர்ட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னா சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? சனிக்கிழமையே பூட்டாரு. நேத்து உங்க சர்ச்சுலதான அடக்கம் பண்ணாங்க?"

நேற்றுக் காலை ஆராதனையில் நான் இருந்தேன். புதிதாக வந்த போதகர் சபைப் பதிவேட்டைப் பார்த்து வாசித்தார்: "சகோதரர் ஆபிரகாம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை மாலை நான்கு மணிக்கு." யாரோ பெரியவர் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

சபையில் முனுசாமியை அறிந்த உங்களில் பலருக்கும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் அந்தப் பதிவேட்டை எழுதியவன் நான். அறுபதுகளின் கடைசியில் அது என் பொறுப்புக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன் முனுசாமி ஞானஸ்நானம் எடுத்தபோது வைத்த பெயர் ஆபிரகாம். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. நான் சட்டம் பேசுகிறவன். அவர் எதிரிலேயே முனுசாமி என்ற பெயரை அடித்துவிட்டு ஆபிரகாம் என்று எழுதினேன்.

"கர்த்தர் என்னைக் கூப்ட்டப்போ நான் முனுசாமியாத்தான் இருந்தேன் சார்" என்றார். கோபமே இல்லை. எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

கிறிஸ்துமஸ் சமயம் ஊரப்பாக்கத்தில் அவரோடு வீடு வீடாகப் பாடப் போவோம். நெற்றி நிறைய விபூதியோடு ஒரு நிலக்காரர் கதவைத் திறந்து உள்ளே குரல் கொடுப்பார்: "நம்ம முனுசாமி வந்துகீறான், காப்பி போடு." எங்கள் எல்லோருக்கும் காப்பி வரும்.

திங்கள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி எஸ்தர், "சபையிலேர்ந்து ஏழெட்டுப் பேர்தான் வந்தாங்கண்ணா. நீங்ககூட வரலியே. அறிவிப்பு கேக்கலியா?" என்றார்.

"கேட்டேம்மா" என்றேன். அழுகை வரவில்லை.

கல்லறைச் சிலுவையில் என்ன பெயர் எழுதுவது என்று அங்கே வந்திருந்த பெயின்டர் கேட்டார். எஸ்தர் என்னைப் பார்த்தார். முனுசாமி என்றேன்.

"வெறும் முனுசாமியா சார்? கிறிஸ்தவக் கல்லறையாச்சே?"

"வெறும் முனுசாமி."

முனுசாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அந்தப் பெயர்தான். தினமும் ஜெபத்தில் முனுசாமி என்றே சொல்கிறேன். யாரைச் சொல்கிறாய் என்று கர்த்தர் இதுவரை கேட்கவில்லை.